தலைவரம்மாவின் தோள்

மருதாணியேந்தலில் தலைவர் என்றால் அது சோலையப்பன்தான், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, அதற்கும் முன்னால் அப்பாவின் சித்தப்பா என்று பஞ்சாயத்துத் தலைவர் பதவி அந்த வீட்டுக் கொல்லையில் நிற்கும் புளியமரம்போல அந்த வீட்டுக்கே உரியதாக இருந்தது, ஆகவே இந்தத் தடவை பதவி பெண்களுக்கு என்று அரசாங்கம் ஒதுக்கியபோது நாங்கள் அதிகம் யோசிக்காமல் அவர் மனைவி பஞ்சவர்ணத்தின் பெயரைச் சுவரில் எழுதி, அவளுக்கே ஓட்டுப் போட்டு, ஜெயித்த அன்று சாயங்காலம் முதல் அவளைத் தலைவரம்மா என்று கூப்பிடத் தொடங்கினோம். தலைவருடைய வீட்டம்மா என்று அதற்கு அர்த்தம், தலைவர் என்று நாங்கள் தொடர்ந்து கூப்பிட்டது சோலையப்பனை.

அன்று சாயங்காலம் கிழக்குத் தெருக்காரர்கள் மேளத்தோடு வந்து, ஜரிகைக் கரை போட்ட ஒரு பொன்னாடையை அவள் தோளில் போர்த்தி, "தெருவிளக்கு ஆறு மாசமா எரியல மதினி, அதை மட்டும் கொஞ்சம் பாருங்க" என்றார்கள். போர்த்திய பொன்னாடையைப் பக்கத்தில் நிற்பவர் உடனே உருவி மடித்து வைப்பதும், அதே பொன்னாடை அடுத்த கல்யாணத்தில் வேறு யார் தோளிலோ ஏறுவதும் எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால் சோலையப்பன் வழக்கப்படி கையை நீட்டி உருவினார். துணி வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார், பஞ்சவர்ணமும் சேர்ந்து அவரோடு வந்தாளே தவிர துணி வரவில்லை. "பசை கிசை தடவிக் கொண்டாந்தீங்களாடா" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், பஞ்சவர்ணம் அந்தப் பொன்னாடையோடே பந்தி பரிமாறினாள், அதோடே தூங்கினாள், அதோடே குளித்தாள், பிறகு ஒருநாள் காலையில் லைன்மேன் கிழக்குத் தெருக் கம்பத்தில் ஏறி பல்பை மாற்றிய நேரத்தில், வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தவளின் தோளிலிருந்து அது மடியில் இருந்து இறங்கும் பூனையைப்போலத் தானாக இறங்கித் தரையில் கிடந்தது.

"அப்ப சரி" என்றார்கள் கிழக்குத் தெருக்காரர்கள்.

மேலத் தெருக்காரர்கள் மறுநாளே சாக்கடைக்காக ஒன்று போர்த்தினார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக ஒன்று, ரேஷன் கடை வாரத்தில் இரண்டு நாளாவது திறப்பதற்காக ஒன்று, பள்ளிக்கூடத்துக் கூரைக்காக ஒன்று, ஊருணிப் படிக்கட்டுக்காக ஒன்று என்று ஆளுக்கொரு பொன்னாடையோடு வந்தார்கள், சோலையப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காதில் போனும் வாயில் வெற்றிலையுமாக, "அவ தோள்ல போட்டுருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி எல்லோரையும் உள்ளே அனுப்பினார். முதலில் ஒன்றிரண்டு வேலைகள் நடந்தன, ஒன்றிரண்டு துணிகள் இறங்கின. அதன்பிறகு இறங்குவது குறைந்து ஏறுவது கூடியது, ஏனென்றால் பெரிய கட்சிக்காரர் ஒருவர் எங்கள் ஊர் வழியாகப் போனபோது காரை நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் பளபளத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "இந்த மாவட்டத்துலயே இவ்வளவு பொன்னாடை வாங்கின தலைவர் யாரும் இல்லையேப்பா" என்று சோலையப்பனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார், அந்தத் தட்டலுக்குப் பிறகு சோலையப்பனுக்கு எந்தத் துணியையும் இறக்குவதில் அவசரம் இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் இருக்கவில்லை. முன்பெல்லாம் ஒன்றைக் கேட்டால் அது எங்கே போயிற்று என்று தெரியாது, இப்போது கேட்டது கண்ணெதிரே தெரிந்தது. சாயங்காலம் அவள் வாசலில் உட்காரும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"நம்ம சாக்கடை இன்னும் அங்கதான் இருக்கு பாத்தியா. எடது பக்கம், பச்சைக் கரை."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"சுடுகாட்டுப் பாதை ரொம்ப அடியில போயிருச்சே."

"மேல மேல போட்டா அடியிலதான போகும். வெளிறாம இருக்குல்ல, அதப் பாரு."

பொன்னாடை போர்த்த முறைகள் உண்டாயின. அமாவாசையன்று போர்த்தக் கூடாது, குளிக்காமல் போர்த்தக் கூடாது, ஒரு தெரு போர்த்திய அன்று மறுதெரு போர்த்தக் கூடாது. சந்தையில் ஒரு கடைக்காரன் பாலிதீன் உறையில் போட்ட பொன்னாடைகளை எங்கள் ஊருக்கென்றே தனியாக அடுக்கி வைத்தான். சண்டை போடும் புருஷன்மாரிடம் பெண்டாட்டிகள், "உன்னையக் கொண்டுபோய்த் தலைவரம்மா தோள்ல போட்டுருவேன்" என்றார்கள். பொதுச் சுவருக்காகப் பேச்சை விட்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாக வந்து, சுவர் எனக்கு என்று ஆளுக்கொன்று போர்த்தினார்கள். மூத்தவன் பிறகு வெட்கப்பட்டு வந்து, "வேணாம் மதினி, விட்டுருங்க" என்று தன் துணியை எடுக்கப் பார்த்தான், கேட்டது கேட்டதுதான் என்று துணி அவனுக்கும் வரவில்லை. துபாய்க்குப் போன மகனிடமிருந்து சேதி நின்றுபோன இருளாயி ஒருநாள் மத்தியானம் தயங்கித் தயங்கி வந்து, ஜரிகை இல்லாத ஒரு பழைய துண்டைப் போர்த்தி, ஒன்றும் சொல்லாமல் போனாள். அந்தத் துண்டுக்கு எடையே இல்லை, ஆனால் எந்த வெயிலிலும் அது காயாமல் ஈரமாகவே இருந்தது.

மற்றவற்றுக்கு எடை இருந்தது. பஞ்சவர்ணம் படுத்துத் தூங்குவதை விட்டு உட்கார்ந்து தூங்கப் பழகினாள், நிலைப்படியில் பக்கவாட்டில் நுழையப் பழகினாள், பிறகு பக்கவாட்டிலும் நுழைய முடியாதபோது ஆசாரி வந்து நிலையை எடுத்துவிட்டு வாசலை அகலமாக்கினான். அடுப்படிக்கு அவள் போவது நின்றது, நெருப்புப் பட்டால் ஊரே எரிந்துபோகும் என்று சோலையப்பன் சொல்லிவிட்டார். அவருடைய தங்கச்சி வந்து சமைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கோடையில் அவள் துணிகளுக்குள் வியர்த்து ஊறினாள், ஐப்பசியில் அதே துணிகள் மழையைக் குடித்து இரண்டு மடங்கு கனத்தன, தெருப்பெண்கள் மத்தியானங்களில் வந்து முந்தானை பிரிப்பதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து அவளுக்கு விசிறினார்கள். ஒரு தடவை கோழி ஒன்று உள்ளே புகுந்து முட்டையிட்டு, ஊருணிப் படிக்கட்டுக்கும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் நடுவில் அடைகாத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பஞ்சாயத்து யூனியன் கூட்டத்துக்குச் சோலையப்பன் போனார். கையெழுத்து மட்டும் அவள் போட்டாள். மினி பஸ்காரன் அவளை ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்: "அக்கா, நீங்க ஏறினா வண்டி ஏறாது." பிறந்த ஊரான தாழைவயல் எங்கள் கண்மாய்க்கரையில் ஏறி நின்றால் தெரியும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் ஜெயித்த நாளிலிருந்து அவள் அங்கே போகவில்லை. அண்ணன் பூமிநாதன்தான் வருஷம் ஒருமுறை பொங்கல் சீரோடு வருவான். சீர் கொண்டு வருகிறவன் எதையும் கேட்க மாட்டான், கேட்கவும் கூடாது. தட்டில் சேலையும் பச்சரிசியும் வெல்லமும் வைத்து, தோளில் கரும்பைச் சாய்த்துக்கொண்டு வந்து, "நல்லா இருக்கியா ஆத்தா" என்று கேட்டு, அவள் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவான். சேலையை அவளால் கட்ட முடியவில்லை, மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொள்வாள். இந்த உலகத்தில் ஒன்றும் கேட்காமல் தன்னிடம் வருகிற ஆள் ஒருவன் இருக்கிறான் என்பதை அவள் வருஷம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் மழை பிந்தியது, வந்ததும் பாதியில் நின்றது. கண்மாய் எங்களுடையது, அதன் தெற்கு மடையைத் திறந்தால் தண்ணீர் தாழைவயலுக்குப் போகும். எங்கள் நெல் அறுத்தபிறகு மிச்சம் இருக்கும் தண்ணீரில் கீழூருக்கு ஒரு நனைப்பு விடுவது முன்னோர் காலத்துப் பழக்கம். மார்கழிக் கடைசியில் ஊர்க்காரியங்களுக்குத் தலைக்கட்டாக இருக்கும் அம்பலம் ஆதப்பன், நல்ல மனிதர், பொய் பேசாதவர், கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தண்ணீரைக் குச்சியால் ஆழம் பார்த்து, நேரே பஞ்சவர்ணத்தின் வீட்டுக்கு ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரே சேர்ந்து வாங்கிய, அகலக் கரை போட்ட பொன்னாடை ஒன்று அவர் கையில் இருந்தது.

"ஆத்தா பஞ்சவர்ணம், உனக்குப் பொறந்த ஊரு. எனக்கு அது தெரியாம இல்ல. ஆனா சித்திரையில நம்ம மாடு எதைக் குடிக்கும் சொல்லு. கீழ ஒரு சொட்டுப் போகக் கூடாது."

"அவ என்னத்தச் சொல்லப் போறா அம்பலம். போடுங்க" என்றார் சோலையப்பன்.

அந்தத் துணி தோளில் விழுந்ததும் பஞ்சவர்ணத்தின் முழங்கால்கள் மடங்கின. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஊர் மொத்தத்தின் கனமும் அதில் இருந்தது.

பொங்கலுக்கு முதல்நாள் பூமிநாதன் வந்தான். கரும்பு இருந்தது, பச்சரிசி இருந்தது, வெல்லம் இருந்தது, தட்டின்மேல் பளபளவென்று மடித்திருந்த துணியைப் பஞ்சவர்ணம் சேலை என்று நினைத்துக் கையை நீட்டினாள். அண்ணன் அதைப் பிரித்தான். அது பொன்னாடை.

"நீயுமா அண்ணே" என்றாள்.

பூமிநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊர்ல சொல்றாங்க ஆத்தா, உங்கிட்ட இப்படித்தான் கேக்கணும்னு. நெல்லு பால் புடிக்கிற பருவம். பிந்தி நட்டுட்டோம். ஒரே ஒரு நனைப்பு. இல்லேன்னா அத்தனையும் பதரு. நான் கேக்காம இருந்தா ஊர்ல என்னையக் கேப்பாங்க, தங்கச்சி தலைவரா இருந்து என்ன பிரயோசனம்னு."

"நான் தலைவரில்ல அண்ணே. அவரு வாசல்ல உக்காந்துருக்காரு பாரு."

"அவருகிட்டக் கேட்டேன். உந்தோள்ல போடச் சொன்னாரு."

போட்டான். தண்ணீர் வாங்கிக் குடிக்க மறந்து போய்விட்டான்.

அன்று முதல் அவள் தோளில் ஊர்த்துணி வடக்கே இழுத்தது, அண்ணன்துணி தெற்கே இழுத்தது. உட்கார்ந்திருக்கும்போதே அவள் செக்குமாடுபோல மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் சற்று நேரத்தில் தெருவைப் பார்த்து இருப்பாள், கழுத்தில் இரண்டு பக்கமும் கன்றிச் சிவந்தது, மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது, சோறு இறங்கவில்லை. வாசலில் போகிறவர்களிடம் அவள் ஒன்றுதான் கேட்டாள், தாழைவயல் நெல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று. பச்சை என்றார்கள், பிறகு பச்சைதான் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

"ஏங்க, ஒரு நனைப்பு விட்டுருங்க" என்று சோலையப்பனிடம் கேட்டாள். "கழுத்து அறுந்துரும்போல இருக்கு."

"ஊர் போட்டது மேல இருக்கே."

"எங்கண்ணன் போட்டது அதுக்கும் மேல இருக்கு."

"அப்ப ரெண்டையும் சொமந்துக்கிட்டு இரு. ஒனக்கென்ன, உக்காந்த எடத்துல சோறு வருது."

மஞ்சுவிரட்டு அன்று உச்சிவெயிலில் ஊரில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் பொட்டலில் மாடுகளுக்குப் பின்னால் இருந்தார்கள், பெண்கள் வேடிக்கை பார்க்க மேட்டில் ஏறி இருந்தார்கள், பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்து எழுந்து, கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மடையின் இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு, தெரு அகலத்துக்கும் துணிகள் புரளத் தெற்கே நடந்தாள். காளை பார்க்கப் போகாமல் வீட்டில் இருந்தது இருளாயி ஒருத்திதான்.

"எங்கத்தா போற?"

"மடைக்கு."

இருளாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கம்பிய இப்படிக் குடு. நீ உன்னையத் தூக்கிக்கிட்டு வா."

மடையின் ஷட்டர் துருப்பிடித்தது, இரண்டு ஆண்கள் சேர்ந்து சுற்றினால்தான் அசையும். இருளாயி கைப்பிடியை மாட்டிவிட்டு ஒதுங்கினாள். பஞ்சவர்ணம் அதைப் பிடித்துத் தொங்கினாள். சாக்கடையும் சுடுகாட்டுப் பாதையும் பள்ளிக்கூடத்துக் கூரையும் சேர்ந்து அவளோடு தொங்கின, கைப்பிடி முனகிக்கொண்டு கீழே இறங்கியது. மேலே ஏற வேண்டிய அரைச்சுற்றுக்கு அவள் அடியில் குனிந்து முதுகால் நெம்பினாள், முதுகில் அவ்வளவு துணி இருந்ததால் இரும்பு அவளை உறுத்தவில்லை. இப்படியே தொங்கியும் நெம்பியும், தொங்கியும் நெம்பியும், தண்ணீர் அடியில் பெருமூச்சு விடும் சத்தம் கேட்கும்வரை சுற்றினாள். பிறகு கைப்பிடியின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதை மாடு விரட்டிப்போன ஒருவன்தான் முதலில் பார்த்தான். ஊர் மொத்தமும் மடைக்கு வந்தது. சோலையப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. நான்கு பேர் இழுத்தார்கள், பிறகு தேர்வடம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் இழுத்தார்கள், கண்மாய்க்கரையை இழுப்பதுபோல இருந்தது. டிராக்டரைக் கொண்டுவரட்டுமா என்று ஒருவன் கேட்டான்.

"பொம்பளையக் கயிறு கட்டி டிராக்டர்ல இழுத்த ஊருன்னு பேரு வாங்கவா?" என்றார் ஆதப்பன். அவர் முகம் வெளுத்திருந்தது. "எறங்கு ஆத்தா."

"எறங்க முடியல மாமா. கனமா இருக்கு."

அவள் சொன்னது நிஜம் என்று எங்களுக்குத் தெரிந்தது, அந்தக் கனத்தைப் போட்டது நாங்கள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பிறகு மேலத் தெருக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, துணி குறைந்தால் கனம் குறையும் என்றார். துணி குறைய வேண்டும் என்றால் கேட்டது நடக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதன்பிறகு ஓடினோம்.

மேலத் தெருவே மண்வெட்டியோடு சாக்கடையில் இறங்கியது. சுடுகாட்டுப் பாதையை மறித்து நின்ற முள்வேலி யாருடையது என்று எல்லோருக்கும் எப்போதும் தெரியும், வேலிக்காரரே அதை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். ரேஷன் கடைக்காரர் எங்கிருந்தாரோ அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் தூக்கி வரப்பட்டார். கொத்தனார்கள் ஊருணிப் படிக்கட்டைப் பூசினார்கள், பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு தேடி அவரவர் மாட்டுக்கொட்டகையைப் பிரித்தார்கள், பேச்சில்லாத அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கடப்பாரை எடுத்துச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு இனி அது யாருக்கும் இல்லை என்று மூச்சு வாங்க நின்றார்கள், அது எப்படிக் கணக்கில் சேர்ந்ததோ, இரண்டு துணியும் ஒன்றாக இறங்கின. மூன்று தலைமுறையாக நடக்காதது எல்லாம் அன்று மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானத்துக்குள் நடந்தது. ஒவ்வொன்று நடந்தபோதும் ஒரு பொன்னாடை அவள் தோளிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து, விரிந்து, தாழைவயலைப் பார்த்து மிதந்து போனது.

மறுநாள் உச்சிவேளையில் கைப்பிடியின்மேல் ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அவ்வளவு சின்னவள் என்பது எங்களுக்கு மறந்து போயிருந்தது. சோலையப்பன்கூட ஒரு கணம் அவளைத் தாண்டி யாரையோ தேடினார். தண்ணீர் தாழைவயலின் கடைசி வயலைத் தொட்டிருக்க வேண்டும், அண்ணன் போட்டதும் அப்போதுதான் இறங்கிப் போனது. இரண்டு பேர் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கிவிட்டு ஷட்டரை மூடினார்கள்.

இருளாயியின் ஈரத்துண்டு அவள் தோளிலேயே இருந்தது. ஊர் போட்டதும் இருந்தது, ஆனால் அது இப்போது சுருங்கி, தடித்து, கழுத்தைச் சுற்றித் தோலோடு தோலாகப் படிந்திருந்தது.

"அது இனிமே எறங்காது ஆத்தா" என்றார் ஆதப்பன். "ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாதுன்னு சொல்லிப் போட்டது. போயிருச்சு."

"தெரியும் மாமா."

அவர் திட்டவில்லை. கண்மாயில் மிச்சம் இருந்ததைக் குச்சியால் ஆழம் பார்க்கப் போனார்.

எங்கள் வேலைகளை நாங்களே செய்து முடித்துவிட்டோம், அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டோம், தலைவரம்மா போய் மடையில் உட்கார்ந்தால் வேலை நடக்கிறது என்று. ஆகவே அடுத்த நாள் காலையிலேயே அவள் வாசலில் புதுப் பொன்னாடைகளோடு நின்றோம். சோலையப்பன் நாற்காலியை எடுத்துப் போட்டார். "போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். கழுத்துத் துணிக்கு மேலே புதிதாக நாலைந்து ஏறின.

நாலைந்து என்பதால் மாசிக் கடைசியில் மினி பஸ்காரன் அவளை ஏற்றிக்கொண்டான். தாழைவயலில் அறுவடை முடிந்திருந்தது, நெல் மணி மணியாக வந்திருந்தது, பூமிநாதன் நேரில் வந்து புது அரிசிச் சோற்றுக்குக் கூப்பிட்டிருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். கண்மாயைத் தாண்டும்போது எங்கள் மாடுகள் சேற்றுக்கு நடுவில் கொஞ்சமாக மின்னிய தண்ணீரைத் தேடி உள்ளே வெகுதூரம் இறங்கிப் போவதைப் பார்த்தாள், கையால் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

தாழைவயலில் வேப்பமரத்தடியில் மைக் செட் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். கழுத்தில் கிடந்ததைப் பார்த்தவர்கள் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் விளையாடிய தெரு, அவளுக்குத் தலைவாரிய பெண்கள், அவள் பெயரை வெறும் பஞ்சு என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சோற்று வாசனை வந்தது. பூமிநாதன் சிரித்துக்கொண்டே, அக்குளில் இடுக்கியிருந்த பாலிதீன் உறையைப் பிரித்தான்.

"நன்றி சொல்லத்தான் ஆத்தா" என்றான். விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒரு நனைப்பு. ஊர்ல சொல்லச் சொன்னாங்க" என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள். பஞ்சவர்ணம் எழுந்து, துணி தோளைத் தொடும் முன்னே இரண்டு கையாலும் அதைப் பிடித்து அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குனி அண்ணே."

"எதுக்கு?"

"குனியேன்."

சின்ன வயது விளையாட்டு எதையோ நினைத்தவனாகச் சிரித்துக்கொண்டே குனிந்தான். அவள் அவன் தோளில் அதைப் போர்த்தி, இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் தண்ணி யாருக்கு வேணும்?"

"எங்களுக்குத்தான்."

"அப்ப நீ வாங்கு. அம்பலம் வீடு ஒனக்குத் தெரியும்ல. போயி அவருகிட்டப் பேசு, மாட்டுக்கு என்ன வழின்னு அவரு கேப்பாரு, அதுக்கும் பதிலு கொண்டு போ."

கூட்டம் சிரித்தது. பூமிநாதனின் பெண்டாட்டி, அவளுடைய மதினி, வந்து, "நல்லாத்தான் இருக்கு ஒங்களுக்கு, மாப்பிள்ளை மாதிரி" என்றாள். இலை போட்டார்கள். பஞ்சவர்ணம் பசியோடு சாப்பிட்டாள், இரண்டாவது தடவையும் சோறு வாங்கினாள். பரிமாறுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பூமிநாதன் தோளில் கிடந்ததை எடுக்கப் போனான், வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் எடுக்கப் போனான், மதினி ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி மறு ஓரத்தைப் பிடித்தாள், சிரிப்பு பந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நின்றுகொண்டே போயிற்று.

கை கழுவிவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள், வீட்டு வாசலில் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். பூமிநாதன் பின்னாலேயே ரோடுவரை வந்தான். மாசி வெயிலில் பொன்னாடைக்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஆத்தா, இது எப்ப எறங்கும்?"

"தண்ணி வந்தா எறங்கும்ணே."

பஸ் வந்தது. தன் துணிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினாள். வளைவில் திரும்பும்போது அவன் இன்னும் ரோட்டிலேயே நின்றான், இரண்டு கையும் கழுத்தில் இருந்தன, உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே, மருதாணியேந்தல் இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.